ஆறு நாற்பதுக்கு நிற்கும் பெட்டி

சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த வானொலிப் பெட்டி தினமும் மாலை ஆறு நாற்பதுக்கு நின்றுபோனது. சரியாக இருபது நிமிடம் மௌனம். ஏழு மணிக்கு மறுபடி பேசத் தொடங்கும்போது செய்தி பாதி வாசித்தாகியிருக்கும். ஆக, நிலையம் நிற்கவில்லை. பெட்டிதான் நின்றது.

பாக்கியலட்சுமிக்கு இது பிடிபடவில்லை. அது கம்பி வானொலி. நிலையத்திலிருந்து இரண்டு கம்பிகள் கம்பம் கம்பமாக வந்து, சிங்கப்பூர் பஃபலோ ரோட்டு வீடுகளின் கூரையோரமாக ஓடி, வீட்டுக்கொரு கிளை விடும். கிளையின் நுனியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு காகிதக் கூம்பு. கம்பியில் வரும் மின்சாரம் சுருளை ஆட்டும், சுருள் கூம்பை ஆட்டும், கூம்பு காற்றை ஆட்டும். பாட்டு கேட்கும். கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றுமில்லை. லைன் கெட்டால் பக்கத்து வீட்டிலும் கெடவேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ரஷீதா அக்காவின் பெட்டி பாடிக்கொண்டேயிருந்தது.

"மக்ரிப் தொழுகைக்குப் பெட்டியை நிறுத்தணும்னு நான்தான் மறந்துடுறேன். உங்க பெட்டி தானாவே வாயை மூடிக்குது. என்னைவிட அதுக்குப் பக்தி ஜாஸ்தி லா" என்று சிரித்தாள் ரஷீதா. "அப்பாகிட்ட சொல்லு பாக்கியம். ஊர்ப் பெட்டியெல்லாம் பார்க்கிற மனுஷன்."

சொல்லியிருந்தாள். அப்பா வேலாயுதம் அந்தக் கம்பி வானொலிக் கம்பெனியில் பதினோரு வருடமாக லைன்மேன். இடி இடிக்கும் மழையிலும் கம்பம் ஏறுவார். தேக்கா சந்தையில் அவருடைய தைரியத்தைச் சொல்லாத ஆளில்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "லைன்ல ஏதோ இருக்கும்மா" என்றார். இரண்டு மாதமாக அதையேதான் சொல்கிறார்.

அம்மா ரத்தினம்மா இறந்து பதினாறு நாள்வரை, அவள் கிடந்த மாடி அறையில் பாக்கியம் ஒரு விளக்கும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்துவந்தாள். நீலக் கரை போட்ட எனாமல் குவளை. அம்மாவுக்குக் காசநோய் என்று தெரிந்ததும் தனியாக ஒதுக்கியது. காரியம் முடிந்ததும் விளக்கை அணைத்து, குவளையைக் கழுவிக் கவிழ்த்து, பினாயில் தெளித்து, அறையைப் பூட்டினார்கள். பெட்டி நிற்கத் தொடங்கியது மறுநாளிலிருந்து.

அம்மா போனபோது பாக்கியம் தையல் வகுப்பில் இருந்தாள். ஏழரைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "தூக்கத்துலயே போயிட்டாம்மா. ஒரு சத்தம் இல்ல" என்று அப்பா சொன்னார். பாக்கியம் இன்றுவரை தூங்குவது அந்த ஒரு வார்த்தையின்மேல் தலைவைத்துத்தான்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு ஸ்டூல் போட்டு ஏறி, கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போனாள். தெருமுனை மாவு மில்லிலிருந்து மிளகாய் நெடி ஜன்னல் வழியாக வந்தது. மல்லிகைக்காரன் கடைசிச் சரங்களைக் கூவிக்கொண்டிருந்தான். விளக்கு வைக்கும் நேரத்துக் கருநீலம் பாத்திரங்களின்மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கம்பி பெட்டிக்குள் நேராகப் போகவில்லை. அலமாரிக்குப் பின்னால் வளைந்து, ஒரு சிறிய பித்தளை ஸ்விட்சுக்குள் நுழைந்தது. அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று பெட்டிக்கு. இன்னொன்று மேல்தளப் பலகையைத் துளைத்துக்கொண்டு மாடிக்கு.

மாடியில் அம்மாவின் தலைமாட்டிலும் ஒரு பெட்டி உண்டு. பாட்டு கேட்கட்டும் என்று அப்பா மாட்டியது. ஆனால் பாட்டுக்கு ஸ்விட்ச் எதற்கு?

அவள் யோசித்தாள். மின்சாரம் கூம்பை ஆட்டினால் சத்தம். திருப்பிப் போட்டுப் பார்த்தால்? சத்தம் கூம்பை ஆட்டினால் சுருள் ஆடும். காந்தத்துக்கு நடுவே சுருள் ஆடினால் மின்சாரம். பேசுகிற பெட்டியால் கேட்கவும் முடியும். ஸ்விட்சை அந்தப் பக்கம் தள்ளினால் நிலையம் விட்டுப்போகும். மாடிப் பெட்டி காதாகும். இந்தப் பெட்டி வாயாகும். சத்தத்தைக் கூட்டித்தர நடுவில் கருவி இல்லை. அதனால் காதை ஒட்டவைத்தால்தான் கேட்கும்.

அப்பா இங்கிருந்தே அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

டக்.

அவள் விரல் படவில்லை. பித்தளைக் குமிழ் தானாகச் சாய்ந்தது. பாட்டு அறுந்தது. ஆறு நாற்பது.

பாக்கியம் பெட்டியில் காதை வைத்தாள். மரம் குளிர்ந்திருந்தது. முதலில் இரைச்சல், மணலை முறத்தில் அள்ளுவதுபோல. பிறகு இருமல். அந்த இருமலின் நீளம் அவளுக்குத் தெரியும். அது முடியும்போது வரும் விக்கலும் தெரியும்.

"என்னங்க..."

இருமல்.

"என்னங்க... தண்ணி..."

திரும்பினாள். அப்பா மாடிப்படியின் அடியில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் நீலக் கரைக் குவளை. நிறையத் தண்ணீர். அது விளிம்பு வழிந்து தரையில் சிந்திக்கொண்டிருந்தது.

"நீங்கதான் திருப்புறீங்களாப்பா?"

"நான் தொடலம்மா. அதுவே திரும்புது."

"அம்மா தூக்கத்துல போனாங்கன்னீங்க."



"அவளால கத்த முடியாதேன்னுதான் அதை மாட்டினேன். கூப்பிட்டா ஓடுவேன். தினமும் ஓடினேன், பாக்கியம். அன்னிக்கு மத்தியானம் ரத்தம் ரொம்ப வந்துச்சு. என் கையெல்லாம்..." குவளை இல்லாத கையை மடித்து மார்போடு சேர்த்துக்கொண்டார். "சாயங்காலம் கூப்பிட்டா. குவளையில மொண்டுகிட்டு இங்கவரைக்கும் வந்துட்டேன். கால் ஏறல. பயம்மா. எனக்கும் ஒட்டிக்குமோன்னு பயம்."

"எவ்வளவு நேரம்?"

"ஏழு மணி வரைக்கும் கூப்பிட்டா."

"நீங்க?"

"கேட்டுகிட்டு இருந்தேன்."

பெட்டி கூப்பிட்டது. இப்போது காதை வைக்காமலே கேட்டது.

மழையில் கம்பம் ஏறியவர். காய்ச்சலில் அவளை இரவெல்லாம் தோளில் போட்டு நடந்தவர். அதே ஆள்தான் இங்கே உட்கார்ந்திருந்தார். குவளையை வாங்கித் தானே ஏறியிருக்கலாம். கையைக்கூட நீட்டினாள். ஆனால் மேலேயிருந்து வந்தது மகளைக் கூப்பிடும் குரல் இல்லை.

மாடி அறைச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"போங்கப்பா."

"பாக்கியம்..."

"கூப்பிடுறாங்க. போங்க."

அவர் எழுந்தார். பன்னிரண்டு படி. ஒவ்வொன்றிலும் நின்றார். பூட்டு திறந்தது. அவருடைய காலடிகளை அவள் இரண்டு முறை கேட்டாள், ஒன்று தலைக்கு மேல் பலகையில், ஒன்று பெட்டியில்.

பிறகு பெட்டியில் மட்டும்.

குவளை பல்லில் இடித்தது. விழுங்கும் சத்தம். நீளமாக. மிக நீளமாக.

"நீங்களும் படுங்க."

கட்டில் கிறீச்சிட்டது. இரண்டு மூச்சு. இரண்டு இருமல்.

டக்.

பாட்டு வந்தது. மணி ஆறு ஐம்பத்திரண்டு. தலைக்கு மேல் பலகையில் யாரும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. அப்பா இறங்கி வரவேயில்லை. பெட்டியும் அதன்பிறகு ஒரு நாள்கூட நிற்கவில்லை.

பெட்டியிலோ கம்பியிலோ பழுது இருந்ததில்லை. அம்மா கூப்பிட்டபோது அப்பா தண்ணீர் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.