பிரிக்காத சோப்புகள்

"யாரோ என் கடைக்குள்ள அழுகின மீனை ஒளிச்சு வைக்கிறாங்கம்மா! எதிர்க்கடைக்காரன் வேலைதான்," என்று மூச்சிரைக்க வந்து நின்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

துப்பறியும் அண்ணி குடையை எடுப்பதற்குள், உதவியாளனான கொழுந்தன் செருப்பை மாட்டியாயிற்று. ஒரு வழக்கையாவது அண்ணிக்கு முன்னால் முடித்துக் காட்ட வேண்டும் என்று அவனுக்கு வெகுநாள் ஆசை.

கடை பளிச்சென்று இருந்தது. முதலாளி அறையின் வாஷ்பேசின் மேல் மஞ்சள் உறைச் சோப்புகளை அடுக்கியிருந்தார்கள். கண் பரிசோதிக்கும் அறைக்குள் நுழைந்ததுமே வாடை குப்பென்று அடித்தது. அங்கே வேலை பார்க்கும் பெண் சுவரோரமாக ஒதுங்கினாள். கொழுந்தன் அவள் அருகில் போய் மோந்து பார்த்தான். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினான்.

"அண்ணி, கேஸ் முடிஞ்சுது! மீனுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. இந்தப் பொண்ணு குளிக்கிறதே இல்ல!"

"அடடா," என்றார் கடைக்காரர். "அப்போ இன்னையோட நின்னுக்கம்மா."

அவள் பையை எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே பிரிக்காத சோப்புகள், அதே மஞ்சள் உறையில்.

"கொஞ்சம் இரும்மா," என்றார் அண்ணி. "டேய், அவ கையைப் பாரு. தேய்ச்சுத் தேய்ச்சுத் தோல் வெடிச்சிருக்கு. குளிக்காதவ கையா இது?" பிறகு அவளிடம் கேட்டார்: "முட்டை, மீன் சாப்பிட்டா வாடை கூடுதா?"

அவள் நிமிர்ந்தாள். "ஆமா. சின்ன வயசுலேர்ந்தே."

"அந்தச் சாப்பாட்டுலேர்ந்து குடல்ல ஒரு நாத்தப் பொருள் உண்டாகும், எல்லாருக்கும்தான். ஈரல் செல்லுல ஒரு மரபணு இருக்கு. அது செய்யற நொதி அந்த நாத்தத்தை எடுத்துடும். அம்மாகிட்ட ஒண்ணு, அப்பாகிட்ட ஒண்ணுனு வந்த ரெண்டு பிரதியும் பழுதா இருந்தா, அந்த நாத்தம் வேர்வையில, மூச்சுல வெளிய வந்துடும். அதுதான்னு நினைக்கிறேன். சிறுநீர்ப் பரிசோதனையில தெரிஞ்சுடும். சாப்பாட்டை மாத்தினா குறையும்."

கொழுந்தனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணி கடைக்காரரிடம் திரும்பினார். "அவ இழுப்பறையில இருக்கிற சோப்பு நீங்க வச்சதுதானே? அப்போ மீன் கதையை நீங்களே நம்பலை. நேர்ல சொல்ல வாய் வரலை. என்னை விட்டுச் சொல்ல வச்சு, இவளை வேலையை விட்டு அனுப்பப் பாத்தீங்க."

"தப்புதாம்மா," என்றார் கடைக்காரர், தரையைப் பார்த்து. பிறகு பெண்ணிடம் சொன்னார்: "நீ எங்கயும் போக வேண்டாம்."

"அப்போ நான் அழுக்கு இல்லையா?" அந்தப் பெண் கொழுந்தனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். கைக்குட்டை இன்னும் அவன் மூக்கில்தான் இருந்தது.