பயில்வானுக்கு எத்தனை எதிரிகள்?

ஐந்து நாட்களாகப் பயில்வான் பட்டினி.

பயில்வான் என்றதும் தொடை தட்டும் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். என் கட்டைவிரல் நீளமே உள்ள நீல நிறச் சண்டை மீன் அவன். அப்பாவின் சலூனில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியில் இருக்கிறான். பள்ளி விட்டதும் கடைக்கு ஓடி அவனுக்குத் தீனி போடுவது என் வேலை. தீனி உருண்டை தண்ணீரைத் தொட்டதும் ‘லபக்’ என்று விழுங்குவான். இப்போதோ உருண்டை ஊறி அடியில் போய் உட்காருகிறது. அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அதனால் அப்பா மீன்கடை மாமாவுக்கு போன் போட்டுவிட்டார்.

“நாளைக்குச் சாயந்தரம் வந்து இவனை எடுத்துட்டுப் போயிடுவாரு. பதிலுக்கு வேற மீன் தர்றாராம்.”

“எனக்கு வேற மீன் வேண்டாம்ப்பா! எனக்குக் காய்ச்சல் வந்தப்ப, என்னைக் குடுத்துட்டு வேற பொண்ணு வாங்கிட்டு வந்தீங்களா?”

“விசாரிச்சேன். இவ்வளவு வாய் உள்ளது கிடைக்கல,” என்று அப்பா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

தண்ணீரை மாற்றிப் பார்த்தாயிற்று. புதுத் தீனி வாங்கியாயிற்று. மாமா போனில் சொன்ன மருந்தையும் விட்டாயிற்று. எதற்கும் அவன் மசியவில்லை. கடைக்கு வந்த தபால்காரர் மட்டும், “இவனுக்கா உடம்பு சரியில்ல? எப்படிச் சிலிர்த்துக்கிட்டு நிக்கிறான் பாருங்க!” என்றார்.

“புதுக் கண்ணாடி மாட்டினதுலேர்ந்து ஒரே போஸ்தான்,” என்றார் அப்பா பெருமையாக.

தபால்காரர் போன பிறகு கடையில் ஆளே இல்லை. அப்பா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நான் முடிவெட்டும் சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். எதிரே பழைய கண்ணாடி. எனக்குப் பின்னால், மீன் தொட்டியை ஒட்டியே, போன வாரம் மாட்டிய புதுக் கண்ணாடி. அதனால் என்னைப் போலவே நூறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாக்கை நீட்டினேன். நூறு பேரும் நீட்டினார்கள்.

“ஐயையோ!” நாற்காலியிலிருந்து குதித்தேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். செவுளை விரித்து, துடுப்பைச் சிலிர்த்துக்கொண்டு நின்றான் பயில்வான். புதுக் கண்ணாடியில் இன்னொரு பயில்வான் அதே கோபத்தோடு நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். அவனுக்கும் பின்னால் இன்னொருத்தன். இவன் முட்டப் போனால் அத்தனை பேரும் முட்ட வந்தார்கள். பாவம், இவன் ஒற்றை ஆள்!

“அப்பா! இவன் போஸ் குடுக்கல. நாள் பூரா சண்டை போடுறான்! இத்தனை பேரு முறைச்சா யாருக்குப்பா சாப்பாடு இறங்கும்?”

“கண்ணாடியைப் பார்த்தா பசி போயிடுமா? ஆசையா மாட்டினதும்மா அது.”

“அதை யாரு கழட்டச் சொன்னா? தொட்டியைத்தான் நகர்த்தணும். நாளைக்கும் அவன் சாப்பிடலைன்னா, ஒரு வாரம் நான் வாயே திறக்க மாட்டேன்.”

“நீயா? அதைப் பார்க்கவாவது செஞ்சுதான் ஆகணும்,” என்று அப்பா எழுந்தார்.

இருவரும் சேர்ந்து தொட்டியை ஜன்னல் ஓர மேஜைக்கு மாற்றினோம். அங்கிருந்தும் கண்ணாடி தெரிந்தது. உடனே, முடிவெட்டும்போது கழுத்தில் கட்டும் வெள்ளைத் துணியை எடுத்துத் தொட்டியைச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

“சாருக்குக் கட்டிங்கா, ஷேவிங்கா?” என்று அப்பா பயில்வானிடம் பணிவாகக் கேட்டார். இந்தத் தடவை நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் பள்ளியில் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. மணி அடித்ததும் கடைக்குப் பறந்தேன். எனக்கு முன்பே மீன்கடை மாமா, தண்ணீர் நிறைத்த பிளாஸ்டிக் பையோடு நின்றிருந்தார். நாற்காலியில் தபால்காரர், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு.

“ஒரே நிமிஷம் மாமா!”

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பயில்வான் துடுப்பை மடக்கிக்கொண்டு நிதானமாக நீந்திக்கொண்டிருந்தான். ஒரு உருண்டையைப் போட்டேன். அவன் கீழே போனான். எனக்குத் திக்கென்றது. அப்புறம் மெல்ல மேலே வந்தான். உருண்டையைப் பார்த்தான்.

லபக்!

“சாப்பிட்டுட்டான்!”

நான் போட்ட கூச்சலில் தபால்காரர் துள்ளி எழுந்தார். நல்ல வேளை, அப்பா சட்டென்று கத்தியை உயர்த்திக்கொண்டார். “அம்மாடி, என் மூக்கு!” என்று தடவிப் பார்த்துக்கொண்டார் தபால்காரர்.

இன்னொரு உருண்டை போட்டேன். அதுவும் உள்ளே போனது. மாமா தொட்டியைப் பார்த்தார். கண்ணாடிகளைப் பார்த்தார். பையிலிருந்த தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வந்தார்.

“இருபது வருஷமா மீன் விக்கிறேன். தொட்டி எங்க இருக்குன்னு கேட்க எனக்குத் தோணலையே! யாரு கண்டுபிடிச்சது?”

“வேற யாரு? என் பொண்ணு!” என்றார் அப்பா, தெருவுக்கே கேட்கும்படி.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பயில்வானோ எங்கள் யாரையும் கண்டுகொள்ளாமல், மூன்றாவது உருண்டை எங்கே என்று வாயைத் திறந்துகொண்டு மேலே காத்திருந்தான்.