அம்மாவின் சுண்டுவிரல்

எறும்பு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. சர்க்கரை டப்பாவை எந்த மூலையில் ஒளித்து வைத்தாலும் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் வந்த பட்டப்பெயர்.

அப்பேர்ப்பட்ட எறும்பு, பன்னிரண்டு நாட்களாகச் சர்க்கரையைத் தொடவே இல்லை!

எல்லாம் அம்மாவுக்காகத்தான். அவளுடைய அம்மா கேக் செய்து விற்பவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் டாக்டர் அம்மாவிடம், "ரத்தத்துல சர்க்கரை ஏறியிருக்கு. மூணு மாசம் இனிப்பை அடியோட நிறுத்துங்க. அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

அன்று சர்க்கரை போடாத டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா முகத்தைச் சுளித்தார். அதைப் பார்க்கவே எறும்புக்குப் பாவமாக இருந்தது.

"நீ விட்டா நானும் விடறேம்மா" என்றாள்.

"நீயா? சர்க்கரை டப்பா தேம்பித் தேம்பி அழுமே!" என்று அம்மா சிரித்தார்.

"அழட்டும். நாம ரெண்டு பேரும் ஒண்ணா விடறோம். சத்தியம்!"

சத்தியம் செய்வது சுலபம். காப்பாற்றுவதுதான் கஷ்டம். இன்று பள்ளியில் ஒரு தோழிக்குப் பிறந்தநாள். அவள் கொடுத்த சாக்லேட்டைப் பார்த்ததும் எறும்புக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அதைப் பக்கத்தில் இருந்தவள் கையில் திணித்துவிட்டாள்.

இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். முன்னறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

அம்மா கிண்ணத்தில் க்ரீம் அடித்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தை நிறுத்தினார். கரண்டியில் ஒட்டியிருந்த க்ரீமைச் சுண்டுவிரலால் வழித்தார். விரல் நேராக வாய்க்குள் போனது.

"அம்மா! நீ சர்க்கரை சாப்பிடறே!"

"நானா? டீல கூடப் போட்டுக்கறதில்லையே! கனவுலகூடத் தொடலடி" என்றார் அம்மா. அப்போதும் அவர் உதட்டோரம் க்ரீம் இருந்தது.

எறும்பு சுவரில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றி அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அம்மா கண்ணாடியைப் பார்த்தார். பிறகு சுண்டுவிரலைப் பார்த்தார். மாவு மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, எனக்கே தெரியாம நடக்குதுடி! பதினஞ்சு வருஷப் பழக்கம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை நக்கறேனோ!"

அம்மா பொய் சொல்லவில்லை. அது எறும்புக்குப் புரிந்தது. கோபம் போய் பயம் வந்தது. அவள் அம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"ருசி பாக்காம செய்ய முடியாதாம்மா?"

"எப்படி முடியும்? மாவுக்குத் தராசு, க்ரீமுக்கு நாக்கு. அதுதான் என் கணக்கு. ருசி பாக்காம ஒருநாள் தப்பாப் போச்சுன்னா, அப்புறம் யாரு நம்மகிட்ட கேக் வாங்குவா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

மூலையில் உட்கார்ந்து கேக் பெட்டி மடித்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தினார். "இதுக்குப் போய் கவலைப்படுவாங்களா? இனிமே நான் ருசி பாக்கறேன். தினமும் நாப்பது தடவை!"

"வேண்டாம்ப்பா! அப்புறம் டாக்டர் உங்களையும் இனிப்பை நிறுத்தச் சொல்லிடுவார்" என்றாள் எறும்பு.

அப்பா மறுபடியும் பெட்டி மடிக்க ஆரம்பித்தார்.

எறும்பு யோசித்தாள். அம்மா சர்க்கரை போடுவதைத் தினமும் பார்த்திருக்கிறாள். டப்பாவைச் சாய்ப்பார், பொடித்த சர்க்கரை பொலபொலவென்று விழும், சட்டென்று நிமிர்த்துவார். ருசி பார்த்த பிறகு இன்னும் கொஞ்சம் போட்டதை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லையே!

அவள் மாவுத் தராசை இழுத்து வந்தாள். அதன் மேல் காலிக் கிண்ணத்தை வைத்து, எண் தெரியும் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எப்பவும் போடற மாதிரி போடும்மா."

அம்மா டப்பாவைச் சாய்த்தார். நிமிர்த்தினார். எறும்பு ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "இன்னொரு தடவை" என்றாள். பிறகு, "இன்னும் ஒரே ஒரு தடவை."

தாளைப் படித்த அம்மாவின் கண்கள் விரிந்தன. நானூறு கிராம். நானூற்று இரண்டு. முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"உன் கைக்கே எல்லாம் தெரியுதும்மா! நாக்கு இத்தனை வருஷமா சும்மா வேடிக்கைதான் பாத்திருக்கு" என்றாள் எறும்பு.

அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ புதுக் கையைப் பார்ப்பது போல இருந்தது அவருக்கு. அந்தச் சர்க்கரையைப் போட்டே ஒரு கிண்ணம் க்ரீம் அடித்தார். ருசி பார்க்கவில்லை. அப்பாவுக்கு ஒரு கரண்டி கொடுத்தார்.

"அதே ருசி! சந்தேகமா இருந்தா இன்னொரு கரண்டி பாத்துச் சொல்றேன்" என்றார் அப்பா. இன்னொரு கரண்டி கிடைக்கவில்லை.

ஆனாலும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? எறும்பு ஒரு பிளாஸ்திரியை எடுத்து அம்மாவின் சுண்டுவிரலில் சுற்றினாள். பேனாவால் அதில் இரண்டு கண்ணும், இறுக மூடிய ஒரு வாயும் வரைந்தாள்.

"இவர் யாரு?" என்றார் அம்மா.

"காவல்காரர். உனக்கு ஞாபகப்படுத்துவார்."

அம்மா எறும்பை இழுத்து அணைத்துக்கொண்டார். "எனக்காகத்தானே இத்தனை நாளா வாயைக் கட்டிட்டு இருந்தே? நான்தான் நம்ம சத்தியத்தைக் கெடுத்துட்டேன்."

"தெரியாமத்தானேம்மா? இன்னைலேர்ந்து புதுசா ஆரம்பிக்கலாம். ரெண்டு பேருக்கும் முதல் நாள்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேக்குக்கு க்ரீமில் பூ வைக்கப் போனார். கடைசிப் பூவும் முடிந்தது. கரண்டியில் கொஞ்சம் க்ரீம் மீதி இருந்தது. சுண்டுவிரல் தன்பாட்டுக்கு அதை வழித்துக்கொண்டு மேலே கிளம்பியது. பாதி வழியில் காவல்காரர் முறைத்தார். விரல் நின்றது.

எறும்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

அம்மா அந்த க்ரீமை அவளுடைய மூக்கு நுனியில் தடவிவிட்டார்!

எறும்பு நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. நல்லவேளை!