ஏழு அஞ்சுக்கு ஒரு சாவு!

ட்ரிங்... ட்ரிங்...!

இன்ஸ்பெக்டர் அருள்நாதன் வாயில் போட்ட இட்லியோடு ரிசீவரை எடுத்தார்.

"சார்... ஜெகதாம்பாள் மில் மேனேஜர் தாயுமானவன் பேசறேன்! இங்க ஒரு ஆக்சிடென்ட்... பதினேழாம் நம்பர் மெஷின்ல பவுனம்மாள்னு ஒருத்தி... மேலேருந்து இரும்புச் சக்கரம் விழுந்து... ஸ்பாட்டிலேயே போயிட்டா சார்!"

"எப்ப?"

"ஏழு மணி சங்கு ஊதினதும் மெஷினை ஓட்டியிருக்கா... பாடியைச் சீக்கிரம் எடுத்துடுங்க. கூட்டம் சேர்ந்துடும்!"

அருள்நாதன் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு அஞ்சு.

ஜீப் பறந்தது.

பவுனம்மாள்! 1958-ல் காட்டூர் பக்கம் அந்தப் பெயர் தெரியாதவர்கள் கிடையாது. இருபது வருஷத்துக்கு முன்னால் கம்பங்கொல்லையில் எழுந்த மில் அது. யுத்த காலத்தில் ராப்பகலாக நூல் நூற்றுக் கொழுத்த மில். அந்தக் கொழுப்பு இப்போது நிர்வாகத்தின் தலைக்கு ஏறியிருந்தது. கல்யாணமான பெண்களுக்கெல்லாம் சீட்டைக் கிழிக்கிறார்கள். பிரசவ லீவு கொடுக்க வேண்டாம் பாருங்கள்!

'ஒரு பொம்பளையை வெளிய அனுப்பிப் பாருங்க... ஒரு மெஷின் ஓடாது!' என்று மேனேஜர் முகத்துக்கு நேரே விரலை ஆட்டியவள்தான் பவுனம்மாள்.

மில் கேட்டில் கூட்டம் இல்லை. அழுகை இல்லை. வாட்ச்மேன் வீரமலை பீடியை நசுக்கிவிட்டு சல்யூட் அடித்தான்.

"பாடி எங்கய்யா?"

"எந்த பாடிங்க?"

"பவுனம்மாள் செத்துட்டான்னு போன் வந்துச்சே!"

"ஐயையோ! அந்த அக்கா லேபர் ஆபீஸ்ல மனு குடுக்கணும்னு ஆறரை பஸ்சுக்கே போயிடுச்சுங்க! நேத்தே மேஸ்திரிகிட்ட லீவு சொல்லிடுச்சே..."

"அப்ப அவ மெஷின்?"

"பதிலி ஆள் ஓட்டுங்க. யாராச்சும் வரலைன்னா, கேட்டுல காத்துக் கெடக்கற ஆளுல ஒண்ணைக் கூப்பிடுவாங்க. பேரு எழுதி டோக்கன் குடுக்கவே கால் மணி ஆயிடும். இப்பதான் மயிலம்மா உள்ள போகுது..."

அருள்நாதனுக்குப் பொறி தட்டியது.

கொலை... இன்னும் நடக்கவில்லை!

ஓடினார்.

நூல் சுற்றும் ஹால். மெஷினுக்கு மெஷின் தலைக்கு மேலே ஓர் இரும்புச் சக்கரம். பதினேழாம் நம்பரில் ஒல்லியாக ஒருத்தி கைப்பிடியில் கை வைத்திருந்தாள்.

"கையை எடு! மெஷினைத் தொடாதே!"

"அதைச் சொல்ல நீங்க யாருங்க?"

"போலீஸ்!"

"இருந்தா இருங்க! மருங்காபுரியிலேருந்து வந்து நாப்பது நாளா கேட்டுல நிக்கறேன். இன்னைக்குத்தான் கூப்பிட்டாங்க. வீட்டுல ரெண்டு புள்ளைங்க பட்டினி. என்னை வெரட்டச் சொல்லி மேனேஜர் அனுப்பினாரா? நகர மாட்டேன்!"

"அம்மா தாயே! அந்தச் சக்கரம் உன் தலையில விழப்போகுது!"

"விழட்டும்! என் தலை... என் வேலை!"

கைப்பிடியை இழுத்தே விட்டாள்!

அருள்நாதன் பாய்ந்தார். அவள் தோளைப் பிடித்து இழுத்து, இருவரும் தரையில் உருண்டு...

டமார்!!

அவள் நின்ற இடத்தில் சக்கரம் கிடந்தது. தரைக்கல் இரண்டாகப் பிளந்திருந்தது.

மயிலம்மாள் எழுந்து புடவையைத் தட்டினாள். பிளந்த கல்லைப் பார்த்தாள்.

"எவன் செஞ்ச வேலைங்க இது?"

பதில் வாசலில் வந்தது. ஜீப் சத்தம் கேட்டு, மில்லை ஒட்டிய தன் பங்களாவிலிருந்து கிளம்பிய தாயுமானவன்! ஒரு கையில் கர்ச்சீப். மறு கையில் ரோஜா மாலை.

"ஐயோ பவுனம்மா! இப்படிப் பண்ணிட்டியே... பாடி எங்க சார்?"

"பாடி இன்னைக்கு லீவு சார்!"

"எ... என்ன?"

"சக்கரம் விழுந்தது ஏழு இருபது. நீங்க போன் பண்ணினது ஏழு அஞ்சு. நல்லா ஜோசியம் பார்க்கறீங்க!"

"மேஸ்திரி வந்து சொன்னான் சார்... அதான்..."

"அவ லீவுன்னு மேஸ்திரிக்குத்தான் தெரியுமே! உங்களுக்குத்தான் தெரியலை. போல்ட்டைக் கழட்டி வச்சுட்டு பங்களாவுல உக்காந்து சங்குச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. மாலை வேற! ஸ்ரீரங்கத்துல நேத்தே கட்டச் சொல்லிட்டீங்களோ?"

தாயுமானவன் திரும்பி ஓடினார். வாசல் இல்லை! நாற்பது பெண்கள் தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள்.

"வழியை விடுங்கடி!"

ஒருத்தியும் அசையவில்லை.

க்ளிக்! விலங்கு விழுந்தது. ஹாலே அதிரும்படி கை தட்டினார்கள்.

"இன்ஸ்பெக்டர் ஐயா... ஒரு சந்தேகம்!" மயிலம்மாள்தான்.

"என்னம்மா?"

"மேனேஜர் நாளைக்கு வேலைக்கு வர மாட்டாருல்ல? அவரு நாற்காலிக்குப் பதிலி எடுத்தா சொல்லுங்க... கேட்டுல வரிசையில மொத ஆளு நான்தான்!"