திருப்பித் தராத தட்டுகள்

அப்பாவும் அம்மாவும் உம்ரா யாத்திரைக்காக மக்காவுக்குக் கிளம்பிய அன்று, அண்ணன் ஃபிக்ரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். "எனக்குப் பதினேழு வயசாச்சு. வர்தாவையும் வீட்டையும் நான் பார்த்துக்குவேன்."

வர்தா நான்தான். எனக்குப் பதினொன்று.

தைப்பிங்கில் இருக்கும் பெரியம்மாவுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "ஒரு குறை என் காதுல விழட்டும், அன்னிக்கே வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார். பெரியம்மா நல்லவர்தான். ஆனால் அவர் வீட்டில் ஒன்பது மணிக்கு விளக்கும் அணையும், பேச்சும் அணையும்.

அது நோன்பு மாதம். நாங்கள் தனியாக இருப்பது தெரிந்ததும் எங்கள் அடுக்குமாடியில் மாலைதோறும் யாராவது கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு ரொஸ்னா அக்கா கோழிக் குழம்பு தந்தார். எதிர்வீட்டு சாலே மாமா வாழைப்பழப் பணியாரம் தந்தார். அண்ணன் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தான்.

சிக்கல் தட்டில்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டோம். அம்மா ஏதாவது வைத்துத்தான் அனுப்புவார். எங்களுக்கோ சோறு வைப்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அண்ணன் ஒருநாள் பலகாரம் சுட்டான். அதைக் கரி என்று சொன்னால் கரி கோபித்துக்கொள்ளும்.

அதனால் கழுவிய தட்டுகளை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம். யாராவது எதிரே வந்தால் படிக்கட்டில் ஓடினோம்.

ஒருநாள் பெரியம்மா போன் செய்தார். "யாரைப் பார்த்தாலும் ஓடுறீங்களாமே? பிள்ளைங்களுக்கு என்னவோன்னு ரொஸ்னா கவலைப்படுறா. நாளைக்குச் சாயங்காலம் வரேன். துணிமணியை எடுத்து வைங்க."

அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "அம்மாகிட்ட அவ்வளவு பெருமையாச் சொன்னேனே" என்றான். எனக்குப் பாவமாக இருந்தது.

வெளியே நடைவழியில் அம்மாவின் எலுமிச்சைச் செடி காய்த்துக் குலுங்கியது. நோன்பு திறக்கும்போது சர்பத்துக்கு எல்லா வீட்டிலும் எலுமிச்சை வேண்டும்.

"அண்ணா, தட்டுல சமைச்சதுதான் வைக்கணும்னு யார் சொன்னா?"

"எலுமிச்சையா? சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டுமே. பயந்து ஓடுறதுக்கு அது எவ்வளவோ மேல்."

மறுநாள் பள்ளி விட்டதும் காய்களைப் பறித்துத் தட்டுகளில் நிரப்பி, வீடு வீடாகப் போனோம். நடந்ததை நானே சொன்னேன்.

ரொஸ்னா அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். "என் குழம்பு பிடிக்கலையோன்னு நினைச்சேன்" என்றார்.

சாலே மாமா பெருமூச்சு விட்டார். "நல்லவேளை. இருந்த தட்டெல்லாம் உங்க வீட்டுல. நான் பானை மூடியில சாப்பிட்டுட்டு இருக்கேன்."

"கேட்டிருக்கலாமே மாமா?"

"குடுத்த தட்டைப் போய்க் கேட்க வெக்கமா இருந்துச்சும்மா."

மாலையில் பெரியம்மா ஒரு பெரிய கிண்ணம் நிறைய மாட்டிறைச்சி ரெண்டாங் கறியுடன் வந்தார். உட்காரக்கூட இல்லை, கதவு தட்டப்பட்டது. சாலே மாமா பணியாரத் தட்டோடு நின்றார். அவர் பின்னால் ரொஸ்னா அக்கா சர்பத் ஜாடியோடு நின்றார்.

"இவங்க தந்த எலுமிச்சைதான் அக்கா. எல்லார் வீட்டுக்கும் போய்க் குடுத்துட்டு வந்தாங்க" என்றார் ரொஸ்னா அக்கா.

பெரியம்மா எங்களைப் பார்த்தார். மூலையில் கட்டி வைத்திருந்த துணிப் பையையும் பார்த்தார். பாங்கு கேட்டதும் எல்லோரும் சேர்ந்து நோன்பு திறந்தோம்.

சாப்பிட்டு முடித்ததும் பெரியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நாங்களும் கிளம்பணுமா பெரியம்மா?"

"எதுக்கு?" என்றவர் ரெண்டாங் கிண்ணத்தை அண்ணன் பக்கம் நகர்த்தினார். "இது இங்கேயே இருக்கட்டும். உங்க அம்மா வந்தப்புறம் கொண்டு வந்து குடுங்க. வெறுங்கிண்ணமா வந்தா வாங்க மாட்டேன்."

அவர் போனதும் அண்ணன் வெளியே போய், ஒரு காய்கூட இல்லாத எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினான்.