கவிழ்த்து வைத்த டம்ளர்

கிழக்கு வளையத்துப் பள்ளிகளின் வாசலில் காலையில் எப்போதும் ஒரு சின்ன நெரிசல் இருக்கும். தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை அன்றைக்குக் கடைசியாக ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்வதால் உண்டாகும் நெரிசல் அது. வாசல் வளைவைத் தாண்டியதும் சுவர்க்குழாயிலிருந்து கண்ணில் ஒரு சொட்டு விழும். அதற்குப் பெயர் சமநோக்கி. அது விழுந்த பிறகு மனிதர்கள் எல்லோரும் சாம்பல். பிள்ளைகள், ஆசிரியர்கள், தரை துடைப்பவர்கள், தலைமையாசிரியர் எல்லோரும் முகமும் நிறமும் இல்லாத ஒரே சாம்பல் உருவங்கள். காதில் செருகிய சமஒலி எல்லாக் குரல்களையும் ஒரே குரலாக்கிவிடும். மாலையில் வெளியே வரும்போது வளைவின் வெளிச்சம் பட்டுச் சொட்டு கரையும். எந்தப் பிள்ளை யாருடையது என்று அப்போதுதான் தெரியவரும்.

நப்பின்னைக்குத் தானும் சொட்டு போட்டுக்கொண்டு அந்த வாசலுக்குள் நின்று பார்க்கப் பிடிக்கும். செவ்வாயின் காற்றடைத்த பெருங்கூடத்துப் புறநகர்களில் சமநோக்கியை முதலில் சட்டமாக்கியது அவர்களுடைய கல்வி வட்டம்தான். அந்தச் சட்டத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் அவளும் ஒருத்தி. இப்போது அவள் வட்டக் குழுவின் உறுப்பினர். தன் மகன் ஆதன் சாம்பல் கூட்டத்தில் கலந்து போவதைப் பார்க்கும்போது மனசு நிறைந்துவிடும். அவன் இரண்டு எட்டு வைத்து ஒரு துள்ளல் துள்ளி நடப்பான். அதை வைத்துக் கொஞ்ச தூரம் வரை அவனை அடையாளம் கண்டுகொள்வாள். அதில் ஒன்றும் விதிமீறல் இல்லை. தாய் மனசுதானே.

சமநோக்கி வந்ததற்குக் காரணம் இருந்தது. கூடத்துக்கு வெளியே, திறந்த செம்மண்ணில் வேலைசெய்யப் போனவர்களுக்குக் கதிர்வீச்சைத் தாங்கும் நிறமி ஒன்றை ஒருகாலத்தில் உடலில் ஏற்றினார்கள். தோல் கருநீலமாயிற்று. மரபணுவிலேயே ஏற்றியதால் பிள்ளைகளும் அதே நிறத்தில் பிறந்தார்கள். கூடத்துக்குள்ளேயே இருந்தவர்கள் பழைய மாநிறத்திலேயே இருந்தார்கள். அதன் பிறகு நடந்தது யாரும் எழுதிவைக்காமலே எல்லோருக்கும் தெரிந்த கதை. நீலத்தாரின் பிள்ளைகள் காற்றாலைப் பக்கத்துக் கீழ்ப்பள்ளிக்குப் போனார்கள். கூடத்தாரின் பிள்ளைகள் விண்ணோக்குப் பள்ளிக்குப் போனார்கள். விண்ணோக்கில் படித்தவர்களுக்குத்தான் விண்கலம் ஓட்டவும் கூடம் கட்டவும் வேலை கிடைத்தது.

சமநோக்கி வந்து ஆண்டுகள் பல கழிந்தன. இரண்டு பள்ளிகளுக்கும் ஒரே நேர்காணல், ஒரே குழு. ஆனாலும் மாலை வேளையில் விண்ணோக்குப் பள்ளியின் வளைவைத் தாண்டி வெளியே வரும் கூட்டத்தில் நீலம் எங்கோ ஒன்று, அங்கொன்று இங்கொன்றுதான். ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் யாராவது எழுந்து இதைக் கேட்பார்கள். குழுத் தலைவர் பரஞ்சோதி பொறுமையாக ஒரே பதிலைச் சொல்வார். நேர்காணலில் எங்களுக்கு யாரையும் தெரியாது. தெரியாதவர்களிடம் எப்படிப் பாகுபாடு காட்ட முடியும்? அந்தப் பதிலைக் கேட்டு நப்பின்னையும் தலையாட்டியிருக்கிறாள்.

அந்த வருட நேர்காணலில் ஒரு பிள்ளை அவள் மனசில் தங்கிவிட்டது. செவ்வாயில் சூரியன் மறையும்போது மட்டும் வானம் ஏன் நீலமாகிறது என்று கேட்டதற்கு அந்தச் சாம்பல் உருவம் மெல்லிய தூசியில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதைத் திக்காமல் சொன்னது. பிறகு திருப்பிக் கேட்டது.

"சொட்டு போட்டாலும் வானம் நீலமாத்தானே தெரியுது. மனுஷங்களை மட்டும் ஏன் சாம்பலாக்கணும்?"

குழுவில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளை என்று நப்பின்னை நினைத்துக்கொண்டாள். அறிவுக்கு மதிப்பெண்ணை அள்ளிப் போட்டாள். ஆனால் அடுத்து வந்தது பண்பு மதிப்பெண்.

அதற்கு ஒரு வழக்கம் உண்டு. நேர்காணலின் முடிவில் பிள்ளைக்கு ஒரு டம்ளர் தேநீர் நீட்டுவார்கள். முதல் கலங்களில் வந்தவர்கள் காலத்திலிருந்தே உள்ள மரியாதை அது. தண்ணீர் அரிதாக இருந்த காலத்தில் நீட்டியவுடன் வாங்காமல் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது முறை வற்புறுத்தினால் வாங்கிக் குடித்து, அடியில் ஒரு வாய் மிச்சம் வைப்பதுதான் நல்ல வளர்ப்புக்கு அடையாளம். கூடத்தார் வீடுகளில் பேச்சு வரும் முன்பே குழந்தைகளுக்கு இது வந்துவிடும். அந்தக் கெட்டிக்காரப் பிள்ளையோ நீட்டியதும் வாங்கியது, மடமடவென்று குடித்தது, டம்ளரை மேஜைமேல் கவிழ்த்து வைத்தது. நப்பின்னைக்கு அடிவயிற்றில் ஏதோ சுருங்கியது. பாவம், வீட்டில் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் குறைவாகப் போட்டாள். மற்றவர்களும் அப்படித்தான் போட்டிருக்க வேண்டும். பிள்ளைக்கு விண்ணோக்கில் இடம் நூலிழையில் தவறிப்போயிற்று.

பட்டியலை உறுதிசெய்யக் குழு கூடிய நாளில் புது உறுப்பினர் ஒருவர் வந்து சேர்ந்திருந்தார். தேர்தலில் வென்ற முதல் நீலத்தாள், வெள்ளையம்மா. காற்றாலையில் பொறியாளர். ஊருக்கே அந்தச் செய்தி தெரியும். ஆனால் அறைக்குள் சமநோக்கி இருந்ததாலும், இருக்கைகளை ஒவ்வொரு முறையும் குலுக்கிப் போட்டுக் கொடுத்ததாலும், மேஜையைச் சுற்றியிருந்த சாம்பல் உருவங்களில் வெள்ளையம்மா யார் என்று யாருக்கும் தெரியாது. தலைமை இருக்கையில் இருப்பவர் பரஞ்சோதி என்பது மட்டும்தான் தெரியும். அந்த ஏற்பாட்டை நினைத்து நப்பின்னைக்குப் பெருமையாக இருந்தது.

தேநீர் வந்தது. வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்று வரிசையாக எல்லோரும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு எதிரே இருந்த உருவம் டம்ளரை வாங்கியது. குடித்தது. கவிழ்த்து வைத்தது.

அறையில் ஒரு கணம் பேச்சு நின்றது. மறுபடி தொடர்ந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கணத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தனக்கும் தெரிந்துவிட்டது என்பதுதான் நப்பின்னையைத் திடுக்கிட வைத்தது. எனக்கு இவள் யாரென்று இப்போது தெரிந்தது என்றால், அன்றைக்கு அந்தப் பிள்ளை யாரென்றும் தெரிந்துதானே இருந்தது? கண்ணுக்குத்தான் சொட்டு போட்டுக்கொண்டோம். அடிவயிற்றுக்குப் போடவில்லை.

கூட்டம் முடிந்து வளைவைத் தாண்டியதும் நிறங்கள் திரும்பின. எதிரே கருநீல முகமும் வெள்ளைப் பற்களுமாக வெள்ளையம்மா நின்றாள். கூடத்துக்கு வெளியே வேலைக்குப் போகிறவர்களின் கனத்த காலணி அவள் காலிலும் இருந்தது. அதைப் போட்டுப் பழகியவர்கள் பாதங்களை அகற்றி, தரையைத் தேய்த்து நடப்பார்கள். அவர்கள் பிள்ளைகளும் காலணி போடாமலே அந்த நடையைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். நப்பின்னை தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். தேநீரைப் பற்றி எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பெயரைப் பற்றிக் கேட்டாள்.

"அம்மா ஆசைப்பட்டு வெச்ச பேருங்க. நிறந்தான் வரல, பேராவது இருக்கட்டுமேன்னு வெச்சுட்டாங்க" என்று வெள்ளையம்மா சிரித்தாள். பிறகு அவளே தேநீருக்கு வந்தாள். "நான் குடிச்சதும் எல்லாரும் வாயை மூடிட்டீங்களே, ஏன்?"

நப்பின்னை கூடத்து வழக்கத்தைச் சொன்னாள். வெள்ளையம்மா நெடுநேரம் சிரித்தாள்.

"வெளியில ஒருத்தர் தண்ணி நீட்டினா அது அவர் முதுகுத் தொட்டியில இருந்து எடுத்தது. அவர் பங்கு. வேண்டாம்னா உன் தண்ணியை நம்பலன்னு அர்த்தம். மிச்சம் வெச்சா அதைவிட அவமானம். அதான் குடிச்சுட்டுக் கவுத்து வெக்கிறது. உங்களை எல்லாம் பார்த்துட்டு, என்னடா இது, டீ கொடுத்தவங்க மனசு நோகுமேன்னு நானே கவலைப்பட்டேன்."

அடுத்த கூட்டத்தில் நப்பின்னை இதை எடுத்துப் பேசினாள். அது அத்தனை எளிதாக இல்லை. நேர்காணலில் தேநீர் கொடுப்பதே வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். வந்த பிள்ளையைத் தொண்டை வறள அனுப்புவதா என்று பரஞ்சோதி மறுத்தார். கடைசியில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. உடனே வாங்கிக் குடிப்பதும் பண்புதான். அதற்கும் முழு மதிப்பெண் உண்டு. அடுத்த ஆண்டு முதல் நடைமுறைக்கு வரும். வளையம் முழுக்க அதை அறிவித்தார்கள். இடம் தவறிய பிள்ளை மறுபடி வரலாம் என்று சொல்லியனுப்பினார்கள். நப்பின்னை அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த ஒரு வருடத்தில் கூடத்துக்குள் புதிதாக ஒரு மோகம் பரவியது. உடனே வாங்கிக் குடிப்பது வெளிப்படையான மனசுக்கு அடையாளம் என்று பேசிக்கொண்டார்கள். பயிற்சி நிலையங்களில் மடமடவென்று குடிப்பதற்கு வகுப்பு வைத்தார்கள். கல்யாண வீடுகளில் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. ஆதன்கூட வீட்டில் பாலைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தான். மிச்சமிருந்த பால் மேஜைவிரிப்பில் வட்டமாகப் பரவியதைப் பார்த்து நப்பின்னைக்குச் சிரிப்பு வந்தது. உலகம் மாறத்தான் செய்கிறது, நாம் கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

நேர்காணல் வந்தது. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்கள். என்ன துணிச்சல், என்ன ஒளிவுமறைவில்லாத மனசு என்று நப்பின்னை மகிழ்ந்து மதிப்பெண் போட்டாள். இடையில் ஒரு பிள்ளை வந்தது. கேள்விகளுக்கெல்லாம் நன்றாகப் பதில் சொன்னது. தேநீரை நீட்டியபோது அதன் கை தானாக முன்னே வந்தது, பிறகு சுட்டதுபோல் பின்னே போனது. "வேண்டாங்க, இப்பதான் குடிச்சேன்" என்றது. மறுபடியும் அப்படியே சொன்னது. மூன்றாவது முறை வாங்கி, அளந்து குடித்து, அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்தது. நப்பின்னைக்கு அலுப்பாக இருந்தது. இந்தப் பழைய பாசாங்கை இன்னும் எந்த வீட்டில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? குறைவாகப் போட்டாள்.

பட்டியல் கூட்டத்தில் பரஞ்சோதி பெருமூச்சு விட்டார். போன ஆண்டு வந்த பிள்ளை இந்த ஆண்டும் வந்ததாம், அறிவில் முதலிடமாம், மறுபடியும் பண்பில்தான் போகிறதாம்.

நப்பின்னை நிமிர்ந்தாள். அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது. மேஜையைச் சுற்றி எல்லோரும் உடனே வாங்கினார்கள், குடித்தார்கள், கவிழ்த்தார்கள். ஓரத்தில் இருந்த ஒரு உருவம் மட்டும் கையை விரித்தது.

"வேண்டாங்க, இப்பதான் குடிச்சேன்."

அறையில் ஒரு கணம் பேச்சு நின்றது. போன ஆண்டு நின்ற அதே கணம். நப்பின்னை தன் முன் கவிழ்ந்து கிடந்த டம்ளரைப் பார்த்தாள். முன்னே வந்து பின்னே போன அந்தச் சின்னக் கை கண்முன் வந்தது. நாம் விதியைத் திருத்திய அன்றைக்கே, பழைய விதியை நீலத்தார் வீடுகளில் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அறிவித்ததை நம்ப அவர்களுக்கு என்ன காரணம் இருந்தது? அவள் எழுந்தாள்.

"வேண்டாம்னாலும் குறைக்கிறோம், குடிச்சாலும் குறைக்கிறோம். போன வருஷம் குறைச்சதும் இதே பிள்ளைக்குத்தான். பண்பு மார்க்கையே எடுத்துடுவோம். இந்த வருஷத்துல இருந்தே."

பிறகு வாக்கெடுப்பு நடந்தது. ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. பண்பை நீக்கிக் கூட்டியதும் அந்தப் பிள்ளையின் பெயர் பட்டியலின் உச்சிக்கு வந்தது. ஓரத்து உருவம் மெல்ல முன்னால் சாய்ந்து, வேண்டாம் என்றும் தன் முன்னால் வைத்துவிட்டுப் போயிருந்த, ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தது. நப்பின்னைக்குக் கண் நிறைந்தது. இந்த ஊரில் பிறந்ததற்கு இது போதும் என்று தோன்றியது.

பரஞ்சோதி மட்டும் அமைதியில்லாமல் இருந்தார். "எல்லாம் சரி. வெறும் அறிவை மட்டும் பார்த்துப் பிள்ளைங்களை எடுக்க முடியுமா? ஆளைப் பத்தி ஏதாவது ஒண்ணு பார்க்கணுமே."

நியாயம்தான் என்று பல தலைகள் ஆடின. நப்பின்னை உற்சாகமாக இருந்தாள். காலையில் துள்ளித் துள்ளிப் போன ஆதன் அவள் நினைவுக்கு வந்தான்.

"உள்ள வரும்போது எப்படி நடந்து வர்றாங்கன்னு பார்க்கலாமே" என்றாள். "நிமிர்ந்து, காலைத் தேய்க்காம, தன்னம்பிக்கையோட வர்றாங்களான்னு. நடையில நிறமா தெரியப்போகுது?"

அருமை என்றார் பரஞ்சோதி. அதை ஒருமனதாக ஏற்பதாகக் குறித்துக்கொண்டார்கள்.

ஓரத்து உருவம் அகற்றி ஊன்றியிருந்த பாதங்களை மெல்லச் சேர்த்து, நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டது. பாவம், நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், கால் வலிக்கும் என்று நப்பின்னை அன்போடு நினைத்துக்கொண்டாள்.