குரல் கொடுத்தான்

கயிறு தளரவில்லை. இருட்டில் வழி தவறாமல் நடப்பதற்காக ஃபிலிம் வெட்டும் அறையின் சுவரோரம் தொய்வாகக் கட்டிய கயிறு அது. பிடித்து நடந்த தொழிலாளிகள் நடேசனும் ஜெபதாஸும் கையை எடுத்துவிட்டு இயந்திரத்தருகே போயாயிற்று. இருந்தும், மறுமுனையை யாரோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல், யாகப்பனின் உள்ளங்கைக்குள் அது விறைப்பாகவே இருந்தது.

தூக்கக் கலக்கம், வேறென்ன, என்று விட்டுவிட்டார். நேற்று ராத்திரி ஷிஃப்டுக்கு வந்த சூப்பர்வைசர் அவர். மாற்று ஆள் வராததால் பகல் பதினொன்றாகியும் வீடு போகவில்லை. வெளியே ஒரகடம் ரோட்டில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். உள்ளே, எக்ஸ்ரே ஃபிலிம் பாழாகிவிடும் என்று ஒரு பொட்டு வெளிச்சம் விடுவதில்லை. மருந்து நெடி, எண்ணெய்ச் சூடு, ஏசியின் ஓயாத முனகல். முட்டி இரண்டும் கழன்றுவிடும்போல் வலித்தது. பாழாய்ப்போன பிழைப்பு.

"சார், ஃபிலிம் சிக்கிக்கிச்சு. கைய வுட்டு எடுக்கறேன்" என்றான் நடேசன்.

"எடு. கூப்ட்டா குரல் குடு."

அதுதான் அங்கே முறை. இயந்திரத்தை ஓட்டுமுன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட வேண்டும். "வெளிய கீறேன்", அதாவது கை உருளைக்கு வெளியே இருக்கிறது, என்று பதில் வந்த பிறகே பொத்தான். போன மாசம், இதே அலுப்பில், உள்ளே கை விட்டிருந்த முனிரத்தினம் வாய் திறக்குமுன்னே யாகப்பன் அழுத்திவிட்டார். உருளை அவன் கையை இழுத்தது, உயிரும் போனது. "அவன் குரல் குடுத்தான் சார்" என்று விசாரணையில் கூசாமல் சொன்னார். வேலை தப்பியது. அதற்கப்புறம்தான் கம்பெனி, இருட்டிலும் ஆளைக் காட்டும் இந்த இன்ஃப்ரா ரெட் கண்ணாடியை வாங்கிக் கொடுத்தது. செங்கல் கனம் கனத்தது.

கயிற்றை விட்டு, கண்ணாடியை ஒரு கையில் எடுத்தார். மறு கை பொத்தான்மேல்.

"ஜெபதாஸ்?"

"வெளிய கீறேன் சார்."

"நடேசா?"

ஏசி முனகியது.

"வெளிய கீறேன் சார்."

இயந்திரத்தருகிலிருந்து அல்ல. அவர் தோளுக்குப் பின்னாலிருந்து. கரகரத்த குரல். அவருக்குத் தெரிந்த கரகரப்பு.

கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். எல்லாம் பச்சை. சுவரோரம் ஜெபதாஸ், விழித்த கண்ணால் எதையும் பார்க்காமல். நடேசன் இன்னும் உருளைகளுக்கு நடுவே தோள்வரை கையை விட்டிருந்தான். பல்லிடுக்கில் கத்தரிக்கோல். அவன் பேசியிருக்கவே முடியாது.

விரலை எடுக்கப் பார்த்தார்.

வரவில்லை.

கண்ணாடியை மெல்லக் கீழே திருப்பினார். பொத்தான்மேல் தன் விரல். அதன்மேல் இன்னொரு கை. மூன்று விரல் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே நசுங்கிய சதை.

கத்த வாயைத் திறந்தார். காதருகே கரகரப்பு முந்திக்கொண்டது.

"குரல் குடுத்தாச்சு சார்."

அந்தக் கை அழுத்தியது.